எண்ணப்பட்டவர்கள்: 1896 பம்பாயும் 2020 தாராவியும்

2020 ஜூலை 28 அன்று மும்பை மாநகராட்சி ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. நிதி ஆயோக், மாநகராட்சி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை இணைந்து நடத்திய அந்த ஆய்வில், நகரின் மூன்று வார்டுகளைச் சேர்ந்த 6,936 பேரின் குருதி மாதிரிகள் சோதிக்கப்பட்டன. மாதுங்கா, சயான், வடாலா ஆகியவற்றை உள்ளடக்கிய எஃப் வடக்கு, செம்பூரும் திலக் நகரும் அடங்கிய எம் மேற்கு, தஹிசரை உள்ளடக்கிய ஆர் வடக்கு ஆகியவையே அந்த மூன்று வார்டுகள். கொரோனா நச்சுயிரி ஏற்கெனவே உடலுக்குள் வந்து சென்றதைக் காட்டும் எதிர்ப்பொருள், குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோருள் 57 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. அதே வார்டுகளின் அடுக்ககங்களிலும் ஏனைய குடியிருப்புகளிலும் வாழ்ந்தோரிடம் அது 16 விழுக்காடு மட்டுமே.

அந்த நாளில் மும்பையில் அலுவல்முறையாகப் பதிவாகியிருந்த மொத்தத் தொற்றுகள் ஏறத்தாழ 1 இலட்சத்து 10 ஆயிரம். நகரின் மக்கள்தொகையோ 1 கோடியே 24 இலட்சம். அதாவது, நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரே தொற்றுக்கு ஆளானதாக மாலைதோறும் வெளியான அறிக்கைகள் கூறிவந்தன. குருதி சொன்ன கணக்கு முற்றிலும் வேறாக இருந்தது. நான்கு மாதங்களாக ஒரு நகரம் எந்த எண்ணைப் பார்த்து அஞ்சியதோ, எந்த எண்ணைக் கொண்டு தெருக்களை அடைத்ததோ, அந்த எண் நோயின் அளவைக் காட்டவில்லை. சோதனைச் சாவடி வரை வந்து சேர்ந்தவர்களின் அளவையே காட்டியது.

இந்த இடைவெளியைச் சோதனைக் கருவிகளின் பற்றாக்குறை என்று மட்டும் விளக்கிவிடலாம். அறிகுறியற்ற தொற்று மிகுதியாக இருந்ததும் உண்மை. எனினும் கொள்ளைநோய்க் காலத்து எண்ணிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எண்ணுகிறவர் ஒருபுறம் இருக்க, எண்ணப்படுகிறவர் மறுபுறம் இருக்கிறார். எண்ணப்பட்டபின் தமக்கு என்ன நேரும் என்பதை அவர் அறிந்தோ ஊகித்தோ வைத்திருக்கிறார். அந்த அறிவே அவரைக் கதவைத் திறக்கவோ தாழிடவோ செய்கிறது. ஆகவே நோயாளர் எண்ணிக்கை என்பது அரசுக்கும் மக்களுக்கும் இடையே அப்போது நிலவும் நம்பிக்கையின் அளவும் ஆகும். மும்பை இந்தப் பாடத்தை 124 ஆண்டு இடைவெளியில் இருமுறை கற்றது.

1896 செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில், மருத்துவர் அகாசியோ கேப்ரியல் வீகஸ் பிளேக் நோயை அடையாளம் கண்டார். தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த பகுதி அது. அக்டோபர் 6 அன்று மாநகராட்சி ஆணையர் பி. சி. எச். ஸ்னோ ஓர் அறிவிப்பை வெளியிட்டார். நோயுற்றவர் எனக் கருதப்படுபவரை வலிந்து பிரித்து மருத்துவமனைக்கு அனுப்பவும், வீட்டுக்குள் நுழைந்து தூய்மை செய்யவும் அலுவலர்களுக்கு அது அதிகாரம் தந்தது. நோயாளிகளைக் கொண்டுசெல்லும் இடமாக ஆர்தர் சாலை மருத்துவமனை அமைந்தது.

மூன்றே வாரங்களில் அதன் விளைவு தெரிந்தது. அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரம் பேர் திரண்டு அந்த மருத்துவமனையைத் தாக்கினர். அங்கே சேர்க்கப்பட்டோர் உயிருடன் திரும்புவதில்லை என்பது நகர் முழுதும் பேச்சாக இருந்தது. அதே மாதத்தில் விக்டோரியா அரசியின் சிலைக்குத் தார் பூசப்பட்டிருந்தது. அந்த அவமதிப்புக்குப் பழியாகவே மருத்துவமனையில் உயிர்கள் பறிக்கப்படுகின்றன என்ற வதந்தியும் உலவியது. வதந்தியின் உள்ளடக்கம் பொய். ஆனால் அது எழுந்த நிலம் பொய்யன்று. நோய் முற்றிய நிலையில் கொண்டுவரப்பட்டோரே அந்த மருத்துவமனையில் மிகுதி. எனவே இறந்தோரும் மிகுதி. உறவினர் உடனிருக்க இயலாத, சாதி, சமய ஒழுக்கங்கள் பேணப்படாத ஓரிடத்தில் நேரும் சாவு அன்றைய மக்களுக்கு இருமடங்கு சாவு.

எனவே அவர்கள் இரண்டு வழிகளைத் தேர்ந்தனர். ஒன்று, மறைத்தல். நோயாளிகள் பரண்களிலும் பின்கட்டுகளிலும் மறைக்கப்பட்டனர். சாவுகள் வேறு காய்ச்சல்களின் பெயரில் பதிவாயின. நகரின் மொத்த இறப்புகள் வழக்கத்தைவிட வெகுவாகப் பெருகியிருக்க, பிளேக் எனப் பதிவானவை அந்தப் பெருக்கத்தில் ஒரு பகுதியாக மட்டுமே இருந்தன. இரண்டாவது வழி, வெளியேறுதல். 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பம்பாயின் மக்கள்தொகை 8,21,764. 1897 பிப்ரவரிக்குள் அதில் ஏறக்குறையப் பாதிப்பேர் நகரைவிட்டு நீங்கியிருந்தனர். ஆலைகள் ஆளின்றித் தவித்தன. துப்புரவுத் தொழிலாளரும் வெளியேறிவிட்டால் நகரே வாழத் தகுதியற்றுப்போகும் என்ற அச்சம், அக்டோபர் அறிவிப்பின் கடுமையைத் தளர்த்தும்படி ஸ்னோவைத் தூண்டியது.

தளர்வு நீடிக்கவில்லை. 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்கள் சட்டம் நிறைவேறியது. மார்ச்சு மாதம் படைத்தலைவர் கேட்டகரின் தலைமையில் பிளேக் குழு அமைக்கப்பட்டது. தேடுதல் குழுக்கள் தெருத்தெருவாகச் சென்றன. புனேயில் இதே பணியை மேற்கொண்டிருந்த ராண்ட், 1897 ஜூன் 22 அன்று சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். 1898 மார்ச்சு 9 அன்று பம்பாயின் மதன்புராப் பகுதியில், நெசவாளர் வீடொன்றில் நோயுற்றிருந்த பெண்ணை அப்புறப்படுத்த முயன்றபோது கலவரம் மூண்டது. அதைத் தொடர்ந்து துறைமுகத் தொழிலாளரும் வண்டியோட்டிகளும் வேலைநிறுத்தம் செய்தனர்.

இந்தக் கொந்தளிப்புக்கிடையே வேறொன்றும் நிகழ்ந்தது. பல்வேறு சமூகத்தார் தத்தம் செலவில் நடத்தும் காய்ச்சல் மருத்துவமனைகளுக்கு இசைவு தரப்பட்டது. தம்மவர் சமைத்த உணவு, தம் மொழி பேசும் மருத்துவர், படுக்கையருகே உறவினர் என்ற நிலை அமைந்த இடங்களுக்கு நோயாளிகளைக் கொண்டுவர மக்கள் முன்போல் மறுக்கவில்லை. பிரித்துவைக்கும் ஏற்பாட்டை முற்றாக எதிர்ப்பதாகத் தோன்றிய மக்கள், உண்மையில் அது யாரால், எங்கே, எவ்வாறு செய்யப்படுகிறது என்பதையே எதிர்த்தனர் என்பது இதனால் புலப்பட்டது. படையைக் கொண்டு மக்களைப் பணியவைக்க முயன்ற ஆட்சி இதை மிகத் தாமதமாகவே உணர்ந்தது.

பிளேக் விட்டுச்சென்ற இன்னொரு விளைவு மும்பையின் நில அமைப்பிலேயே பதிந்துள்ளது. 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளை இடிப்பதும், காற்றோட்டமான புதிய தெருக்களை அமைப்பதும் அதன் நோக்கம். தாதர், மாதுங்கா பகுதிகளில் வயலும் சதுப்புமாக இருந்த நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டது இந்த அறக்கட்டளையின் திட்டத்தால்தான். அகன்ற சாலைகளும் பூங்காக்களும் கொண்ட அந்த மனைகளில், தென்னிந்தியாவிலிருந்து எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த குடும்பங்கள் குடியேறின. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தொடங்கப்படும் அளவுக்கு மாதுங்கா தமிழரின் பேட்டையாகிவிட்டது. ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்த உழைப்பாளிகள் அனைவருக்கும் மாற்று வீடு கிடைக்கவில்லை. அறக்கட்டளை கட்டியதைவிட இடித்ததே மிகுதி என்ற குறை அதன் காலத்திலேயே எழுந்தது.

மாதுங்காவின் இருப்புப்பாதைக்கு மேற்கே, மாகிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவி வேறு வழியில் வளர்ந்தது. கோலி மீனவரின் சிற்றூருக்கு அருகே தோல் பதனிடும் தொழில் வந்து சேர்ந்தது. அதைத் தொடர்ந்து திருநெல்வேலிச் சீமையின் ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் பின்னர் நாடார்களும் வந்தனர். குஜராத்திக் குயவர் கும்பார்வாடாவை அமைத்தனர். சதுப்பைத் தம் கைகளால் தூர்த்து வீடு கட்டிக்கொண்டவர்கள் இவர்கள். செம்பூர் இன்னும் பிற்காலத்தது. நாட்டுப் பிரிவினையின்போது சிந்தி அகதிகளுக்கு முகாம் அமைந்த இடம். பின்னர் டிராம்பேயின் எண்ணெய் ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் அளித்த வேலைவாய்ப்பால் தமிழ் நடுத்தர வர்க்கம் பெருகிய இடம். அதே செம்பூரில்தான் வாசி நாக்காவின் மறுகுடியமர்வுக் கட்டடங்களும் உள்ளன. ஒரே மொழி பேசுவோர் மூவகை நிலத்தில் வாழும்படி நகரம் அமைந்துவிட்டது. 57க்கும் 16க்கும் இடையிலான தொலைவு 2020இல் தோன்றியதன்று. அதன் அடித்தளம் 1898 முதலே இடப்பட்டுவந்தது.

2020 மார்ச்சு மாதம் மகாராட்டிர அரசு கொரோனாவை எதிர்கொள்ள நடைமுறைப்படுத்திய சட்டம், பிளேக் காலத்தின் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம். மும்பையின் முதல் நோயாளிகள் அனுமதிக்கப்பட்ட கஸ்தூர்பா மருத்துவமனை, ஆலைத் தொழிலாளர் தாக்கிய அதே ஆர்தர் சாலை மருத்துவமனை. மார்ச்சு 25 முதல் நாடு அடைக்கப்பட்டது. ஏப்ரல் 1 அன்று தாராவியின் டாக்டர் பாலிகா நகரில் முதல் தொற்று கண்டறியப்பட்டது. நோயாளி அன்றே சயான் மருத்துவமனையில் உயிரிழந்தார்.

மாநகராட்சி பயன்படுத்திய மதிப்பீட்டின்படி, தாராவியில் ஏறத்தாழ 2.4 சதுரக் கிலோமீட்டரில் 8.5 இலட்சம் பேர் வாழ்கின்றனர். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஏழெட்டுப் பேர் முறைவைத்து உறங்கும் இடத்தில் 'வீட்டிலேயே இருங்கள்' என்ற சொற்றொடருக்குப் பொருள் என்ன? மக்களில் பெரும்பாலோர் பொதுக் கழிப்பறைகளைப் பயன்படுத்துவோர்; 450 கழிப்பறைத் தொகுதிகள் மாநகராட்சிக் கணக்கில் இருந்தன. நாள்தோறும் இட்லி அவித்து மிதிவண்டியில் நகரெங்கும் விற்றுவந்த தமிழ்க் குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. தோல் பட்டறைகள், தையற்கூடங்கள், நெகிழி மறுசுழற்சிக் கொட்டில்கள் அனைத்தும் மூடப்பட்டன. கூலி நின்றது; ஆனால் அறை வாடகை நிற்கவில்லை.

ஏப்ரல் மாதத்தில் மட்டும் தாராவியில் 491 தொற்றுகள் பதிவாயின. 12 விழுக்காடு என்ற வேகத்தில் எண்ணிக்கை ஏறியது. 18 நாள்களுக்கொருமுறை இருமடங்காகியது. ஆசியாவின் மிகப்பெரிய குடிசைப் பகுதி என்ற பழைய அடைமொழியுடன் இந்த எண்களும் உலகச் செய்திகளில் இடம்பெற்றன. எண்ணிக்கை ஏறியபோதெல்லாம் தகரத் தடுப்புகள் பெருகின. மூங்கில் கழிகளால் சந்துகள் அடைக்கப்பட்டன. வானில் காவல்துறையின் டிரோன்கள் பறந்தன. தாராவி என்று முகவரி சொன்னாலே வேலை மறுக்கப்படும் நிலை முன்பும் ஓரளவு இருந்ததுதான். இப்போது அந்த விலக்கலுக்கு மருத்துவக் காரணம் கிடைத்தது. தொற்று உறுதியானவரின் குடும்பம் தன் சந்திலேயே தீண்டத்தகாததாயிற்று. 'பாசிட்டிவ்' என்ற ஆங்கிலச் சொல் ஓர் ஆளின் பெயருக்கு முன்னொட்டாக வந்து ஒட்டிக்கொண்டது.

நோயை ஊருக்கு அறிவிக்கும் அடையாளங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழ்ச் சிற்றூர்களில் அம்மை கண்ட வீட்டார் தம் வாசலில் வேப்பிலை செருகுவர். அயலார் நுழைவதைத் தடுக்கும் அறிவிப்புத்தான் அது. ஆனால் அதைச் செருகும் கை அவ்வீட்டாருடையது. உள்ளே இருப்பவரை ஊர் வெறுக்காமல், அஞ்சி வணங்கியே விலகிநின்றது. 1897இன் பம்பாயில் பிளேக் நேர்ந்த வீடுகளின் சுவர்களில் அலுவலர்கள் வட்டக் குறிகளை வரைந்தனர். 2020 மார்ச்சில் மகாராட்டிர அரசு, வீட்டில் தனித்திருக்குமாறு பணிக்கப்பட்டோரின் இடக்கையில் அழியா மையால் முத்திரை குத்தியது. வாசலிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து தோலுக்கும் அடையாளம் நகர்ந்தது. முத்திரையுடன் தொடர்வண்டியில் சென்றவர்களைச் சக பயணிகள் இறக்கிவிட்ட செய்திகள் அந்த மார்ச்சு மாத நாளிதழ்களில் வந்தன. குறியிடுவது யார் என்பதைப் பொறுத்து ஒரு குறி காப்பாகவும் ஆகலாம், பழியாகவும் ஆகலாம்.

சொற்களிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். நாட்டடைப்பைத் தமிழ் நாளிதழ்கள் 'ஊரடங்கு' என்றன. இரவில் ஊர் தானே ஓய்ந்து அடங்கும் வேளையைக் குறிக்கும் பழைய வழக்கு அதில் உறைந்துள்ளது. மராத்தி நாளிதழ்கள் பயன்படுத்திய 'டாளேபந்தி'யில் பூட்டும் அடைப்பும் இருக்கின்றன. தாராவித் தமிழர் இரு சொற்களையும் கேட்டனர். ஊர் தானாக அடங்கவில்லை, வெளியிலிருந்து பூட்டப்பட்டது என்ற அவர்களது பட்டறிவுக்கு மராத்திச் சொல்லே நெருங்கி நின்றது.

1896இன் இரண்டாவது வழியும் மீண்டும் திறந்தது. ஏப்ரல் 14 அன்று நாட்டடைப்பு நீட்டிக்கப்பட்டதும் பாந்த்ரா நிலையத்தருகே ஊர் திரும்ப வேண்டிப் புலம்பெயர் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கூடினர். காவல்துறை தடியடி நடத்திக் கலைத்தது. மே முதல் நாளிலிருந்து தொழிலாளர் சிறப்பு வண்டிகள் ஓடத் தொடங்கின. தாராவியிலிருந்தும் மாதுங்கா லேபர் கேம்பிலிருந்தும் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களுக்குத் தமிழர் திரும்பினர். மாவட்ட எல்லையில் உள்ள கங்கைகொண்டான் சோதனைச்சாவடியில் அவர்கள் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். தமிழக அரசின் அன்றாட அறிக்கையில், வெளிமாநிலங்களிலிருந்து வந்தோர்க்குத் தனி வரிசை இருந்தது. மே மாதத்தில் நெல்லைப் பகுதியின் தொற்றுகளில் பெரும்பங்கு அந்த வரிசையில் இடம்பெற்றது. மும்பையில் 'மதராசி' எனப்பட்டவர், சொந்த ஊரில் 'பம்பாய்க்காரர்' ஆனார். இரண்டு மாநிலங்களின் கணக்கிலும் அவர் வெளியாள். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வரும்போது ஊர் வரவேற்ற அதே உறவு, இப்போது பள்ளிக்கூடத்து முகாமில் பதினான்கு நாள் காத்திருந்தது.

இவ்வளவும் 1896இன் மறுபதிப்பாகவே முடிந்திருக்கலாம். தாராவியில் அவ்வாறு நிகழவில்லை என்பதே இங்கு எண்ணிப்பார்க்கத்தக்கது. ஜி வடக்கு வார்டின் உதவி ஆணையர் கிரண் திகாவ்கர் தலைமையிலான குழு, நோயாளி வரும்வரை காத்திராமல் நோயைத் தேடிச் செல்லும் முறையை ஏப்ரலில் மேற்கொண்டது. முதற்கட்டத் தேடலில் வீடுவீடாகச் சென்றவர்கள் அப்பகுதியின் தனியார் மருத்துவர்கள். மாகிம், தாராவி மருத்துவர் சங்கத்தைச் சேர்ந்த அவர்கள், கோடை வெயிலில் காப்புடை அணிந்து சந்துகளில் நடந்து, ஏறத்தாழ 47,500 பேரைச் சோதித்தனர். பல ஆண்டுகளாகக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து தந்தவர்கள் அவர்கள். தெருவுக்குத் தெரிந்த முகங்கள். பின்னர், மூடிக்கிடந்த தம் சிகிச்சைக்கூடங்களைத் திறக்குமாறும், ஐயத்துக்குரியோரை மாநகராட்சிக்குத் தெரிவிக்குமாறும் உள்ளூர் மருத்துவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

வீட்டில் தனித்திருக்க முடியாது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டதும் பள்ளிகளும் மண்டபங்களும் விளையாட்டரங்கமும் தனிமைப்படுத்தும் இடங்களாக மாற்றப்பட்டன. சாயி மருத்துவமனை கையகப்படுத்தப்பட்டது. மகாராட்டிர இயற்கைப் பூங்காவில் 200 படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையம் எழுந்தது. அங்கே வேளைதோறும் உணவு கிடைத்தது, மருந்துக்குக் கட்டணமில்லை, தாராவியைவிட்டுத் தொலைவாகப் போகவும் தேவையில்லை. கூலியிழந்த வீட்டில் ஒருவர் முகாமுக்குச் செல்வது இப்போது இழப்பாக இல்லை. பொதுக் கழிப்பறைகள் நாளொன்றுக்குப் பலமுறை கிருமிநீக்கம் செய்யப்பட்டன. சமூக அமைப்புகளும் பள்ளிவாசல்களும் கோயில் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் உணவுப்பொட்டலமும் அரிசி பருப்பும் வழங்கின. மே மாதத்தில் 1,216 தொற்றுகள். ஜூன் மாதத்தில் 274 மட்டுமே. ஜூலை 10 அன்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், பரவலைக் கட்டுப்படுத்திய இடங்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிட்டார். அதுவரை அங்குப் பதிவான தொற்றுகள் ஏறத்தாழ 2,350.

இந்த வெற்றியை அப்படியே ஏற்கத் தயங்கியோரும் இருந்தனர். அவர்களது தயக்கத்துக்கு அடிப்படை உண்டு. தாராவியின் மக்களில் பெரும் எண்ணிக்கையினர் அதற்குள் ஊர் திரும்பியிருந்தனர். சோதனைகளின் அளவு போதுமானதா என்ற வினா எழுந்தது. ஜூலை இறுதியில் வந்த 57 விழுக்காடு என்ற முடிவு தாராவியில் எடுக்கப்பட்டதன்று. எனினும் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொற்று ஏற்கெனவே பெருவாரியாகப் பரவிவிட்டது என்பதை அது காட்டியதால், வேகம் தணிந்ததற்கு அதுவும் காரணமாகலாம் என்று கருத இடமிருந்தது. அரசின் கணக்கு தானே தவறிய நிகழ்வும் ஒன்றுண்டு. 2020 ஜூன் 16 அன்று மகாராட்டிர அரசு, முன்னர்க் கணக்கில் சேராத 1,328 இறப்புகளைச் சேர்த்தது. அவற்றுள் 862 மும்பையைச் சேர்ந்தவை. 1896இல் சாவை மறைத்தோர் அஞ்சிய குடும்பத்தார். 2020இல் சாவுகள் விடுபட்டது பதிவேடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் இடையே.

ஆகவே தாராவியில் நோய் முற்றாக வெல்லப்பட்டது என்பதோ, எல்லாம் வெறும் விளம்பரம் என்பதோ பொருந்தாது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: ஏப்ரல் தொடக்கத்தில் கதவைத் தாழிட்ட ஒரு பகுதி, மே மாதத்தில் காய்ச்சல் முகாமுக்குத் தானே நடந்துவந்தது. இடையில் சட்டம் மாறவில்லை. 1897ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருந்தது. நலப்பணியாளரைத் தாக்குவோர்க்கு ஏழாண்டு வரை சிறை என்று ஏப்ரல் 22 அன்று அவசரச் சட்டத்தால் அது கடுமையாக்கவும் பட்டது. மாறியது, எண்ணப்பட்டவருக்கு அடுத்து என்ன கிடைக்கும் என்பது. பம்பாயின் சமூக மருத்துவமனைகள் 1897இல் உணர்த்திய செய்தியும் இதுவே.

2021 தொடக்கத்தில் காட்சி தலைகீழானது. பிப்ரவரியில் தொற்று மீண்டும் ஏறத் தொடங்கியபோது முதலில் பேசப்பட்ட வார்டுகளுள் ஒன்று செம்பூரின் எம் மேற்கு. இம்முறை எண்ணிக்கையில் பெரும்பங்கு அடுக்ககங்களிலிருந்து வந்தது. செம்பூரில் மட்டும் ஏறத்தாழ 550 குடியிருப்புச் சங்கங்களுக்கு மாநகராட்சி எச்சரிக்கை அறிவிப்பு அனுப்பியது. பிப்ரவரி 18 அன்று வெளியான விதிகளின்படி, ஐவருக்கு மேல் நோயாளிகள் உள்ள கட்டடம் முழுவதும் முத்திரையிடப்படும்.

முந்தைய ஆண்டில் இதே வகைச் சங்கங்கள் பல, குடிசைப் பகுதியிலிருந்து வரும் பணிப்பெண்களையும் ஓட்டுநர்களையும் வாயிலில் நிறுத்தியிருந்தன. நோய் கீழிருந்து மேலே ஏறிவரும் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னே இருந்தது. 16 விழுக்காடு என்ற எண், அந்த அடுக்ககங்கள் அதுவரை காக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. இன்னும் 84 விழுக்காட்டினர் நோய்க்கு ஆளாகக்கூடியவராக எஞ்சியிருப்பதையும் அதே எண் காட்டியது. இரண்டாம் பொருளைப் படித்தோர் சிலரே. கட்டடத்துக்கு முத்திரை விழும் என்றதும் அங்கும் பழைய அச்சமே தலைகாட்டியது: பெயர் வெளியாகுமோ, அண்டைவீட்டார் என்ன சொல்வார்களோ, ஒருவரால் தொண்ணூறு வீடுகள் அடைபடுமோ என்ற அச்சம். படிப்பும் வருவாயும் ஒருவரை இந்த அச்சத்திலிருந்து விடுவிப்பதில்லை. எண்ணப்படுவதன் விலை உயரும்போது எவரும் ஒளியவே விரும்புவர்.

தாராவிக்கும் இரண்டாம் அலை வந்தது. 2020 டிசம்பர் 25 அன்று, ஏப்ரலுக்குப் பின் முதன்முறையாகப் புதிய தொற்று ஒன்றுகூட இல்லை என்று அறிவிக்கப்பட்ட அதே தாராவியில், 2021 ஏப்ரல் 8 அன்று ஒரே நாளில் 99 தொற்றுகள் பதிவாயின. முந்தைய ஆண்டின் எந்த நாளிலும் அவ்வளவு பதிவானதில்லை. ஏப்ரல் 14 இரவு முதல் மாநிலம் மீண்டும் கடுங்கட்டுப்பாட்டுக்குள் சென்றது. ஆயினும் இம்முறை தாராவியில் 2020 ஏப்ரலின் திகைப்பு இல்லை. எங்கே சோதிப்பது, யாரிடம் சொல்வது, எந்த முகாமில் இடமிருக்கும் என்பதெல்லாம் சந்துக்குத் தெரிந்திருந்தன. 2021 ஜூன் 14 அன்று புதிய தொற்றுகளின் எண்ணிக்கை மீண்டும் சுழியைத் தொட்டது.

தமிழில் 'எண்ணுதல்' என்ற சொல் கணக்கிடுவதையும் குறிக்கும், கருதிப்பார்ப்பதையும் குறிக்கும். 'மதித்தல்' என்பது அளவிடுவதும் ஆகும், பெருமை செய்வதும் ஆகும். ஒரு மனிதரைக் கணக்கில் சேர்ப்பதும் அவரைப் பொருட்படுத்துவதும் ஒரே செயலின் இரு முகங்கள் என்று இந்த மொழி கருதியிருக்கிறது. ஆட்சிகள் அவற்றைப் பிரித்தே கையாண்டுவந்துள்ளன. 1896இல் பம்பாய் மக்கள் கணக்கிடப்பட்டார்கள், கருதப்படவில்லை. அதனால் அந்தக் கணக்கும் பொய்த்தது. 2020இன் தாராவியில், சில மாதங்களுக்கேனும், இரண்டும் ஓரளவு சேர்ந்து நிகழ்ந்தன; கணக்கு உண்மையை நோக்கிச் சற்று நகர்ந்தது.

அந்த முகாம்கள் இன்று இல்லை. பள்ளிகள் பள்ளிகளாகிவிட்டன. பத்தடி அறைகளும் பொதுக் கழிப்பறைகளும் அவ்வாறே உள்ளன. தாராவியின் மறுசீரமைப்புக்காக வீடுவீடாக எண் இட்டு, யார் தகுதியுடையவர், யார் தகுதியற்றவர் என்று பார்க்கும் கணக்கெடுப்பு 2024இல் தொடங்கப்பட்டது. கணக்கெடுப்போரைக் கண்டு சில கதவுகள் திறக்கின்றன, சில மூடிக்கொள்கின்றன. ஏன் மூடிக்கொள்கின்றன என்று வியப்போர், எண்ணப்பட்டபின் அந்த வீட்டாருக்கு என்ன கிடைக்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.